நூலக்காவைத் தூக்கிய ஞாயிறு

பட்டாணிக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. ஆனால் பார்க்கிறவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். செல்லமாக வீட்டில் கூப்பிட்ட பெயர் பள்ளிக்கூடம்வரை போய், சொந்தப் பெயரை ஆசிரியைகளே மறந்துவிட்டார்கள்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது சித்தப்பா செய்வதுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவளை அலாக்காகத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் உட்காரவைத்துவிடுவார். "இன்னுமா வளரல நீ?" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனாலேயே அவரிடம் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. பட்டாணி மேலேயே உட்கார்ந்து, மேலே ஏறிப்போன சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, யாராவது இறக்கிவிடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளை அண்ணாந்து பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் நூலக்காதான்.

பட்டாணியின் அம்மா வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷினின் இடது இழுப்பறையில், பட்டன் டப்பாவுக்குப் பின்னால் நூலக்கா குடியிருந்தாள். கட்டைவிரல் உயரம், காதோரம் நரை, எப்போதும் இழுத்து முடிந்த கொண்டை. சிக்கல் விழுந்த நூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மெல்ல முனகினால் போதும், எப்பேர்ப்பட்ட சிக்கலும் சோம்பல் முறித்து எழுவதுபோல் தானாகப் பிரிந்துவிடும். வெள்ளைப் பட்டன் ஒன்றைத் தேடப்போய்த்தான் பட்டாணி அவளைக் கண்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரைமணி நேரம் இருவருக்கும் பேச்சுதான்.

"உனக்கு மட்டும்தான் முகம் காட்டியிருக்கேன். வெளிய சொல்லிடாத" என்று நூலக்கா ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். பட்டாணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அந்த ஞாயிறு சித்தப்பா அவளை ஃப்ரிட்ஜ் மேல் உட்காரவைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "அண்ணி, இவள விடச் சின்ன ஆள் உலகத்துலயே இருக்க முடியாது."

"இருக்காங்க" என்றாள் பட்டாணி.

சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜிலிருந்து குதித்தாள். முழங்கால் தரையில் இடித்தது. நேரே போய் இழுப்பறையைத் திறந்தாள். நூலக்கா அப்போதுதான் தலையை அவிழ்த்துச் சீவிக்கொண்டிருந்தாள். பட்டாணி அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"பாருங்க."

சித்தப்பாவுக்கு வாய் பிளந்துவிட்டது. கிட்டே குனிந்தார். "பொம்ம மாதிரியே இருக்கே" என்று அவள் தலையைத் தொட விரலை நீட்டினார்.

நூலக்கா அழவில்லை, ஓடவுமில்லை. தலைமுடி பாதி முகத்தை மறைக்க, மேலே ஏறிப்போயிருந்த சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

பட்டாணிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. காது மடல் சுட்டது. "தொடாதீங்க" என்றாள்.

அம்மாதான் வந்து சித்தப்பாவின் கையைத் தள்ளிவிட்டாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க." அவர் போனதும் பட்டாணியிடம் திரும்பினாள். "நீ பிறக்கறதுக்கு முன்னாலருந்து அவங்க இந்த மெஷின்ல இருக்காங்க. சாயங்காலம் ஒரு கரண்டி சர்க்கரை வைப்பேன். காலையில சிக்கல் இருக்காது. ஒரு நாளாவது நான் எட்டிப் பாத்திருப்பேனா?"

அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதுவரை மேஜைமேல் நிற்பவளை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேதான் பேசினாள்.

நூலக்கா மேஜை விளிம்புக்கு நடந்தாள். பட்டாணி அவசரமாகக் கையை நீட்டினாள். நூலக்கா உள்ளங்கையைக் காட்டித் தடுத்தாள்.

அம்மா அளவு டேப்பை எடுத்து ஒரு நுனியை மேஜையில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். மறுநுனியை மெஷின் பலகைவரை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். நூலக்கா அதன்மேல் ஏறி நடந்தாள். நடுவில் டேப் ஆடியபோது குந்தி உட்கார்ந்து, ஆட்டம் நின்றபின் எழுந்தாள். மறுபக்கம் சேரக் கால்மணி நேரம் ஆனது. பட்டாணி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அத்தனையையும் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து நூல் சிக்க ஆரம்பித்தது. சர்க்கரை வைத்தபடியே இருந்தது. அம்மா குண்டூசியால் சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்தால், பட்டாணி வாங்கித் தானே பிரிப்பாள். நகக்கண் வலிக்கும். சொல்ல மாட்டாள். அடுத்த ஞாயிறு சித்தப்பா கைகளை விரித்துக்கொண்டு வந்தபோது, "வேணாம் சித்தப்பா, எனக்குப் பிடிக்கல" என்றாள். அவர் முகம் விழுந்துவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அன்று மாலை அவள் மூடிய இழுப்பறையின் முன் உட்கார்ந்தாள். சித்தப்பா கிண்டல் செய்ததால்தான், கோபத்தில்தான் என்று ஆரம்பித்து, அவளுக்கே அது பிடிக்காமல் நிறுத்தினாள்.

"கேக்காம தூக்கிட்டேன்" என்றாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. "கேட்டிருந்தா வரமாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல."

சொன்னதும் பட்டாணிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இனிமே வெளியிலருந்து தட்டு" என்றது குரல். "பதில் வரலன்னா போயிடு."

திங்கள் தட்டினாள், பதில் இல்லை, போய்விட்டாள். செவ்வாயும் அப்படியே. புதனன்று தட்டப் போகும்போதே வெட்கமாக இருந்தது. தட்டாமலே திரும்பினாள். வியாழன் மறுபடியும் தட்டினாள்.

"என்ன?"

யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "ஒண்ணுமில்ல. நூல் சிக்கிருக்கு."

"என்ன நிறம்?"

"நீலம்" என்றாள் பட்டாணி. நூலை இழுப்பறைக்கு மேலே மெஷின் பலகையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த அறைக்குப் போனாள்.