நட்டநடுவைச் சுற்றிய வேலி

வயலைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட அன்று மாலை, உள்ளே இருந்த காடைகளும் தவளைகளும் கம்பிக்கு அடியில் நுழைந்து, வண்டிப்பாதையின் இடது ஓரமாக நடந்து, அந்த வயலில் பாடுபட்டுவந்த, ஊரார் நட்டநடு என்று கூப்பிட்ட பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. காடைகள் அடுப்படியை எடுத்துக்கொண்டன. தவளைகளுக்குக் குளியலறை பிடித்துப்போனது. பஞ்சர் கடையை மூடிவிட்டு வந்த கணவன் செருப்பைக் கழற்றிவைக்க இடம் தேடித் தேடிக் கடைசியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“வந்தவங்கள்லாம் உன் பக்கத்துச் சொந்தமா?” என்றான்.

“ஆமாங்க. உங்க பக்கத்துல யாரு நம்மள எட்டிப் பாத்தாங்க?” என்றாள் அவள், அழுது முடித்த குரலில்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அறுவடையால்தான். ஊரே வயலை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்துக்கொண்டு போகும். கதிருக்குள் இருக்கும் உயிர்கள் ஒதுங்கி ஒதுங்கி நடுவில் வந்து சேரும்; கடைசிப் பிடிக் கதிரோடு அவற்றின் கதையும் முடியும். இவள் மட்டும் நட்டநடுவில் போய் நின்று அரிவாளைப் போட்டு, வெளியே பார்த்து அறுத்துக்கொண்டு வருவாள். காடை தன் குஞ்சுகளோடு வரப்பேறி ஓடிவிடும். வரப்போரம் ஒரு பட்டை கதிரை அறுக்காமலே விடுவாள். மருந்தடிக்க மாட்டாள். விளைச்சல் மட்டம்தான். ஆனாலும் அந்த வயல்தான் அடுப்பை எரிய வைத்தது. பஞ்சர் கடை வருமானம் டீச்செலவுக்கே சரியாகப் போகும்.

பிறகு சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் காடையே இல்லாமல் போனது. ஆராய்ச்சியாளர்கள் தொலைநோக்கியோடு வந்து, அவள் வயலைப் பார்த்துப் பூரித்து, அவள் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்து, முதல் வேலையாக அவளை வெளியேற்றியது. உயிரினங்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதாம். மாற்று வாழ்வாதாரம் என்று மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கரண்ட் போகாத ஊரில் அவள் மெழுகுவர்த்தி செய்தாள். தங்கள் வயலில் எறும்பைக்கூட விட்டுவைக்காதவர்கள் வழக்கம்போல் விதைத்தார்கள்.

“நல்லவேளை, நான் என் வயலுக்கு நாலு தடவை மருந்தடிச்சேன். இல்லன்னா எனக்கும் இந்தக் கதிதான்” என்று உரக்கடைக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அதன்பின் யார் வயலில் ஒரு பறவை இறங்கினாலும், அதிகாரி கண்ணில் படுவதற்குள் கல்லால் அடித்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வயிறு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறதே.

உழாமல், நீர் பாய்ச்சாமல் கிடந்த வயலில் முள் மண்டியது. பார்வையிட வந்த அதிகாரி, அங்கே ஓர் உயிரையும் காணாமல் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். காடைகளை மிதித்துவிடாமல் ஒற்றைக் காலில் நின்று மன்னிப்புக் கேட்டார். மறுவாரம் வீட்டைச் சுற்றி வேலி வந்தது. கணவனும் மனைவியும் பஞ்சர் கடையின் பின்னறைக்குக் குடிபோனார்கள். காடைகளும் தவளைகளும் கூடவே போயின. பழைய டயர்களுக்குள் முட்டையிட்டன. அவள் பாய் விரித்த சிமெண்ட் தரையில் கதிர் முளைத்தது. கடைக்கும் வேலி போட்டார்கள். எங்கே போவது என்று தெரியாமல் அவள் ஊருக்கு வெளியே இருந்த பொட்டல் மேட்டில் போய் உட்கார, மேடு பச்சை பிடித்தது. அப்போதுதான் அதிகாரிகளுக்கு விஷயம் பிடிபட்டது. அவளையே பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். இந்த முறை கம்பிவேலி இல்லை, வலைவேலி. தவளைக்குஞ்சுகூட நுழைய முடியாத நெருக்கம்.

இப்போது அவளைப் பார்க்க வேன் வேனாக வருகிறார்கள். மடியில் காடை அடைகாப்பதால் எழுந்திருக்க அவளுக்கு அனுமதி இல்லை. அரிவாள் கேட்டாள், சரணாலயத்துக்குள் விவசாயம் தடை என்றார்கள். கணவன் பார்வையாளர் நேரத்தில் வந்து வலைக்கு வெளியே நிற்பான். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்பதால், கொண்டுவந்த தூக்குவாளியை அப்படியே திருப்பி எடுத்துப் போவான். வேன்களை நிறுத்த இடம் போதாமல் ஒவ்வொரு பருவத்திலும் வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார்கள்.

“என்னங்க, ஓரத்துலேருந்து உள்ள வராங்க, பாத்தீங்களா?” என்றாள் அவள் ஒரு நாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அறுவடையைக் கிண்டல் செய்தே பழகியவன் அவன். அன்று தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு வலையோரம் குனிந்தான். “நான் ஆபீசர்கிட்ட பேசுறேம்மா” என்றான். பேசவும் செய்தான். உள்ளே இருப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு என்றார் அந்த நல்ல மனிதர். வெளியே கல்லோடு நின்ற ஊரைப் பார்த்தால் அதுவும் உண்மையாகத்தான் இருந்தது.

அடுத்த பருவத்தில் வேலி இன்னும் ஒரு முழம் உள்ளே வந்தது. தவளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. காடைகள் நெருங்கி உட்கார்ந்தன. அவள் காலை மடக்கி அவற்றுக்கு இடம் விட்டாள்.