பதினான்காம் எண் பஸ் ஏன் தாமதம்?

ஊரில் ஓடும் அறுபத்திரண்டு பேருந்துகளும் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குச் சேர வேண்டும், நடுவில் எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவள் அவள். பணிமனையில் அவளுக்கு அட்டவணை அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. அறுபத்திரண்டு வண்டிகளும் அவள் சொன்ன பேச்சைக் கேட்டன. வீட்டில் இருக்கும் இரண்டு பேர்தான் கேட்பதில்லை.

வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்தார். கழற்றி மறு கையில் சுற்றினார். ஒரு கை சொன்னதை இன்னொரு கையும் ஒப்புக்கொண்டது.

"தினமும் அரை மணி நேரமாவது உங்களுக்குன்னு வச்சுக்குங்க. யாருக்கும் எதுவும் செய்யாம சும்மா இருங்க. அடுத்த மாசம் வாங்க. அப்பவும் பிரஷர் இறங்கலேன்னா இந்த வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நாற்பது குடைகளும், ஏழு ஒற்றைச் செருப்புகளும், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பல் செட்டும் இருந்தன. மிச்சமிருக்கும் காலத்தை அந்தப் பல் செட்டோடு சிரித்துக் கழிக்க வேண்டும் என்று நினைத்தபோதே அவளுக்கு இன்னும் ஐந்து புள்ளி ஏறியிருக்கும்.

விஷயம் கணவர் காதுக்குப் போனது. அவர் காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சி அதிகாரி. தண்ணீர் குடிப்பதைக்கூட மூன்று கட்டமாகப் பிரித்து விளக்கக்கூடியவர். மைத்துனர்கள் அவருக்கு வைத்த பெயர் சொற்பொழிவு. கெட்டவர் அல்ல. மனைவி என்றால் உயிர். அந்த உயிரை அவர் காட்டும் விதத்தில்தான் மற்றவர்களுக்கு உயிர் போகும்.

"நீ எதுக்கும் கவலைப்படாதே. உன் மன அமைதிய எங்கிட்ட விட்டுடு" என்றார்.

அன்று மாலையே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறியது. மாலை ஆறு மணி: மூச்சுப் பயிற்சி. ஆறு பத்து: நன்றி உணர்தல். ஆறு பதினைந்து: பச்சைச் சாறு. ஆறு இருபது: சிரிப்பு, வாய் விட்டு. ஆறு இருபத்தெட்டு: மதிப்பீடு.

அவள் தொழில் முறையில் அதைப் பார்த்தாள். "நடுவுல நிக்கிற நேரமே இல்லையேங்க?"

"இருக்கறதே அரை மணி. அதையும் சும்மா நின்னு வீணாக்குவாங்களா?"

மறுநாள் வேலை முடிந்து வந்து ஆறு மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். "இழு... இன்னும் இழு... விடாதே, நான் சொன்னேனா?" என்று மேற்பார்வை நடந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மகள், "அம்மா, என் நீலச் சட்டை எங்கம்மா?" என்றாள். பிடித்த மூச்சை விடாமலும் மூடிய கண்ணைத் திறக்காமலும் அலமாரியின் இரண்டாம் தட்டை விரலால் காட்டினாள் தாய். சாறு பிழியும் இயந்திரத்துக்கு எட்டு உறுப்புகள், ஒரு சல்லடை. அமைதி அடைந்த பிறகு அத்தனையையும் கழுவ வேண்டியவளும் அவள்தான்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருந்தாள்.

எட்டாம் நாள் மாலை, பதினான்காம் எண் பஸ் அவள் இறங்கும் இடத்தில் நின்றது. மணி ஐந்து நாற்பது. எழுந்திருக்கச் சொன்னாள், கால்கள் கேட்கவில்லை. பஸ் அவளையும் சுமந்துகொண்டு கடைசி நிறுத்தத்துக்குப் போனது. எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

அங்கே அந்த வண்டி பன்னிரண்டு நிமிடம் நிற்கும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக அவள் மேலாளரோடு மூன்று முறை சண்டை போட்டிருக்கிறாள். "சும்மா நிக்கிற வண்டி வீணா நிக்கல சார். நாள் முழுக்கச் சேர்ந்த தாமதத்தை அங்கதான் இறக்கி வைக்குது" என்று வாதாடி வாங்கிக் கொடுத்த நேரம். ஆனால் ஒரு நாளும் அதற்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். எந்தக் காலத்திலும் அவசரப்படாததால் ஆமை என்று பெயர் வாங்கியவர்.

"என்னம்மா அட்டவணை, தூங்கிட்டீங்களா?"

"இல்லண்ணே. பன்னெண்டு நிமிஷம் சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"இருக்கா?"

"பத்தல."

ஆமை சிரித்துவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனார். திரும்பி வரும் வழியில் அவள் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு பதிமூன்று.

"எங்க போயிட்டே? மூச்சுப் பயிற்சி போச்சு, நன்றி உணர்தலும் போச்சு!"

"பஸ் லேட்டுங்க."

அன்று முதல் பஸ் தினமும் லேட்.

மூன்றாம் வாரம் மேலாளர் ஒரு கடிதத்தோடு வந்தார். "மூணு பக்கம்மா. படிச்சதுல எனக்கே தலை சுத்துது. பதினாலாம் நம்பர் தினமும் அரை மணி லேட்டாம். கடைசி ஸ்டாப்புல நிக்கற பன்னெண்டு நிமிஷத்த நாலாக்கிடுங்க. ஆமைகிட்ட ஒரு விளக்கம் கேளுங்க."

கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் நேரத்தைப் பற்றி யார் எழுதினாலும் அது கடைசியில் தன் மனைவியின் மேசைக்குத்தான் வரும் என்பது, எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக யோசிக்கும் மனிதருக்கு எந்தக் கட்டத்திலும் தோன்றவில்லை.

'மேற்படிப் பேருந்தின் ஒழுங்கீனத்தால் என் மனைவியின் மன அமைதி உரிய நேரத்தில் நடைபெறவில்லை. என் வேதனை சொற்களில் அடங்காது' என்று தொடங்கி, அடங்காத அதை மூன்று பக்கத்தில் அடக்கியிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் எழுத்து சற்றுக் கோணலாக இருந்தது. 'அவளுக்கு இந்த வேலைன்னா உயிர். போயிடக் கூடாது. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க சார்.'

அந்த இரண்டு வரியை அவள் இரண்டு முறை படித்தாள். திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"வண்டி நேரத்துக்குத்தான் ஓடுது சார். இவர் வீட்டுக் கடிகாரத்துலதான் கோளாறு. நான் பதில் போட்டுடறேன்" என்று மேலாளரை அனுப்பிவைத்தாள்.

பதில், முத்திரையோடு, இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தது. 'ஐயா, பதினான்காம் எண் பேருந்து ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. ஒரு பயணி மட்டும் தாமதமாக இறங்குகிறார். ஓட்டுநர் மீது தவறில்லை. நேரில் ஆய்வு செய்ய விரும்பினால் மாலை ஐந்து நாற்பத்தெட்டுக்குக் கடைசி நிறுத்தத்துக்கு வரவும்.'

சொற்பொழிவு இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு கோப்புமாக ஆய்வுக்கு வந்து சேர்ந்தார். காலி பஸ்ஸில் நான்காவது ஜன்னலோரம் மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் இருக்கையில் காலை நீட்டி, எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்தச் சுருக்கத்தைக் காணோம். அது இல்லாத முகத்தை அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

வாயைத் திறந்தார்.

"சார்," என்றார் படியில் நின்ற ஆமை, "இங்க எஞ்சினையே அணைச்சாச்சு."

வாய் மூடியது. அவளுக்குப் பின் இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். ஒன்பது நிமிடம் பேசவில்லை. பல் பிடுங்கிய அன்றுகூட நான்கு நிமிடத்துக்கு மேல் அவர் தாங்கியதில்லை.

பத்தாவது நிமிடத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் ரொம்பப் படுத்தறேனா?"

"கொஞ்சம்."

"அந்தப் பச்சைச் சாறு?"

"அது ரொம்ப."

எஞ்சின் உயிர் பெற்றது.

மாதம் முடிந்து போனபோது டாக்டர் ஒரு கையில் மட்டும் பட்டையைச் சுற்றினார். மறு கையைக் கேட்கவில்லை. "அப்படி என்ன செஞ்சீங்க?" என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணுமே செய்யல டாக்டர்" என்றாள் அட்டவணை அக்கா பெருமையாக.

இப்போதெல்லாம் மாலையில் சமையல் சொற்பொழிவின் பொறுப்பு. வெங்காயத்தை மூன்று கட்டமாக நறுக்குவார். நேற்று ஆறு மணிக்கு மகள் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள்.

"அப்பா, அம்மா இன்னும் வரல. போன் போடவா?"

"போடாதே" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பஸ் லேட்டு. சரியா ஆறு பதிமூணுக்கு வந்துடும்."