அசோகா அல்வாவில் எழும்பிய ஆலை

ஓடிக்கொண்டிருந்த ஓர் அரிசி ஆலையை, மிஷினும் மூட்டையும் முப்பது ஆளுமாக, ஒன்றரைக் கிலோ அசோகா அல்வாவால் பதினோரு அடி தூக்கியவர் பிரகதீஸ்வரி. கிரேன் கிடையாது. ராஜநீதி மட்டும்தான்.

திருவாரூர் சாலையில் மூன்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன: ஒரு கோடியில் பிரகதீஸ்வரியுடையது, மறுகோடியில் அஹமது கபீருடையது, நடுவில் ராம்கியுடையது. டிரைவர்களுக்கு டீயும் வடையும் கொடுத்து, வருகிற நெல் லாரியையெல்லாம் ராம்கி மடக்கிவிடுவார். இந்தச் சம்பாவுக்கும் நெல் வராவிட்டால் ஆலையைப் பூட்ட வேண்டியதுதான் என்ற நிலையில், பிரகதீஸ்வரி தஞ்சாவூரில் இரண்டு நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போனார். அங்கே பழைய அரசர்களின் சூத்திரம் ஒன்றைச் சொன்னார்கள்: பக்கத்து நாட்டான் பகைவன், அவனுக்கு அடுத்த நாட்டான் நண்பன். மதியம் போட்ட சாப்பாட்டைவிட அது அவருக்கு ருசித்தது. திரும்பியதும் கபீர் பாய்க்கு அல்வா அனுப்பினார். பாய் வீட்டிலிருந்து சுடச்சுட இறால் வாடா வந்தது. உடன்படிக்கை முடிந்தது. இரண்டு பக்கமும் நெருக்கினால் நடுவில் இருப்பது வேறெங்கே போகும்? வியாழக்கிழமை பத்தேகாலுக்கு ராம்கியின் ஆலை மேலே கிளம்பியது.

"அக்கா, இறக்கி விடுங்கக்கா! கீழே லாரி நிக்குது!" என்று ராம்கி மேலிருந்து கத்தினார்.

"நானா தம்பி பிடிச்சுக்கிட்டிருக்கேன்?" என்றார் பிரகதீஸ்வரி.

ஓய்வுபெற்ற சர்வேயரான அவருடைய வீட்டுக்காரர் அண்ணாதுரை, வீட்டில் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அஸ்திவாரம் போட்ட கட்டடம் எங்கடி போகும்?" என்றார்.

ஒரு வாரம் நெல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிறகு சூத்திரம் திருப்பிக் கடித்தது. நடுவில் ராம்கி இல்லையென்றால் கபீர் பாய்தானே பக்கத்து நாடு? பாய் பரோட்டா போட்டு லாரிகளை மடக்கினார். பகை மூண்டதும் ராம்கி இறங்கினார்; அவர் இறங்கியதும் இவர்கள் மறுபடி நண்பர்கள்; உடனே ராம்கி மறுபடி மேலே. தை முடிவதற்குள் பதினேழு தடவை ஏறி இறங்கிய ஆலை, பாதிப் பகையும் பாதி நட்புமாக, தரைக்கு நாலடி மேலே, லாரித் தட்டு மட்டத்துக்கு நின்றுவிட்டது. முதுகு வளைக்காமல் மூட்டை இறக்கலாம் என்று சுமைக்காரர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். மாயவரத்திலிருந்துகூட வேடிக்கை பார்க்கவே நெல்லோடு வந்தார்கள். ராம்கியிடம் இடமில்லாமல் வரிசை இரண்டு பக்கமும் வழிந்தது. பிரகதீஸ்வரி ஆலையைப் பூட்டவில்லை. இரண்டு ஷிப்ட் ஓடியது.

மாசி பிறந்ததும், இன்னும் நம்பாத தன்னைப் பார்த்து ஊரே சிரிப்பது தாங்காமல் அண்ணாதுரை டேப்போடு கிளம்பினார். வேட்டியை மடித்துக் கட்டி, ராம்கி ஆலையின் அடியில் மேற்கே குனிந்து நுழைந்தார். இருபது நிமிஷம் கழித்துக் கிழக்கே, தலையெல்லாம் உமியோடு வெளியே வந்தார்.

"வடகிழக்கு மூலை ரெண்டு அங்குலம் தாழ்வு," என்றார் மனைவியிடம். "மத்தபடி, தூக்கித்தான் இருக்கு."