விரிசலுக்கு முழங்கால் கிடையாது

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா, "கல்லு ஆராய்ச்சி" என்பாள். பொய்யில்லை. அந்தக் கல், இருபத்து மூன்று கோடி வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு பிராணி போட்ட விட்டை என்பதை மட்டும் விழுங்கிவிடுவாள். தையல் கடைக்கு வருகிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பது அவள் கவலை. சித்திக்கு அந்தக் கவலை இல்லை. "படிச்சுப் பட்டம் வாங்கி, சாணி அள்ளப் போயிட்டா" என்று ஊருக்கே சொல்லிவிட்டாள். அப்போதெல்லாம் அம்மா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாகிவிடுவாள்.

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த விட்டைகள் இருபது. ரம்பத்தில் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். துறைத் தலைவருக்கு அதில் முப்பது வருடக் கை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அறுவை சார். ரம்பம் ஒரு காரணம், அவர் நடத்தும் கூட்டங்கள் இன்னொரு காரணம்.

பத்தொன்பதை அறுத்தாயிற்று. உள்ளே மீன் செதிலும் எலும்புத் தூளும்தான். மிஞ்சியது விரல் நீளத்தில் ஒன்று. அதை அறுக்காமல் ஸ்கேன் செய்து பார்க்கலாமா என்று மின்னஞ்சலில் கேட்டேன். அவர் அறை என் மேஜையிலிருந்து எட்டடி தூரம். அங்கிருந்தே ஒரு வரியில் பதில் வந்தது: வெள்ளிக்கிழமை ரம்பத்துக்குப் போகும், அதுவரை பார்.

ஸ்கேனில் கல்லின் உட்புறம் அடுக்கடுக்காக ஆயிரத்து நானூறு படங்கள். ஒவ்வொன்றிலும் கல்லைவிட நிறம் மாறித் தெரிவதை மவுஸால் வண்ணமடித்துக்கொண்டே போகவேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் முடி போல ஒரு கருங்கோடு தொடங்கியது. எழுபது படங்கள் அதன் பின்னாலேயே போனேன். மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர். ரம்பத்தின் தடிமன் மட்டும் ஒரு மில்லிமீட்டர். ஒரே இழுப்பில் அது தூளாகிவிடும்.

வியாழன் மாலை வீட்டில் அம்மா ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் எதிரெதிராக மேஜைமேல் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறுவை சார் என் திரையைக் குனிந்து பார்த்தார். விரிசல் என்றார். ரம்பப் பதிவேட்டை இழுத்து அந்தக் கடைசிக் கல்லின் எண்ணையும் எழுதினார். இரண்டு வருடமாக அந்த அறையில் நான் "சரி சார்" தவிர எதுவும் சொன்னதில்லை.

"விரிசலுக்கு முழங்கால் கிடையாது சார்."

எல்லோரும் திரும்பினார்கள். திரையில் அந்தக் கோட்டை விரலால் காட்டினேன்.

"மூணு இடத்துல மடங்குது. அது கால்னா, எதிர்ப்பக்கமும் இதே மாதிரி ஒண்ணு இருக்கணும். அந்தப் பக்கம் நான் இன்னும் பார்க்கல. இல்லைன்னா அறுத்துடுங்க."

அவர் பேனாவை மூடினார். என் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். மதியம் இரண்டு மணிவரை யாரும் சாப்பிடப் போகவில்லை. எதிர்ப்பக்கத்தில், அதே உயரத்தில், அதே மூன்று மடிப்போடு இன்னொரு கோடு வந்தது.

அடுத்த வாரத்துக்குள் ஆறு கால்களும் மூடிய சிறகும் கிடைத்தன. மெல்லாமல் விழுங்கப்பட்ட, முழு வண்டு. அறுவை சார் பதிவேட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு, 'அறுக்கக் கூடாது' என்று எழுதினார். பிறகு அறுத்து முடித்த பத்தொன்பது டப்பாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடியே வாயைத் திறந்திருக்கலாமேம்மா" என்றார். அதில் கோபம் இல்லை.

கட்டுரையில் என் பெயர் முதலில் வந்தது. அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லையும், பக்கத்தில் கைப்பிடி அளவுக்குப் பெரிதாக்கிய வண்டின் மாதிரியையும் வைத்தார்கள். அம்மாவும் சித்தியும் வந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, இது என்ன கல் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"கல்லில்லைங்க, விட்டை" என்றாள் அம்மா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இருபத்து மூணு கோடி வருஷத்து விட்டை. அறுக்க விடாம காப்பாத்தினது இதோ நிக்கிறாளே, என் பொண்ணு."

நான் நிமிர்ந்தேன். அதற்குள் சித்தி முண்டியடித்து முன்னால் வந்து அந்தப் பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"நான் அவளோட சித்தி."