பசை வேண்டாத பெட்டி

பட்டறையில் அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அளந்து பார்ப்பாள் என்பதால் வந்த பெயர். பதினேழு வருஷமாக அட்டைப் பெட்டி வடிவமைக்கிறாள். முன்பெல்லாம் மருந்துக்கும் விளக்குக்கும்தான் பெட்டி கேட்டு வருவார்கள். இப்போது கடை வாசலில் சிவனே என்று தொங்கிக்கொண்டிருந்த சாமானுக்கெல்லாம் பெட்டி வேண்டுமாம். சீப்புக்குப் பெட்டி, துணி கிளிப்புக்குப் பெட்டி. இந்த வாரம் துணி தேய்க்கிற பிரஷ்.

கேட்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும் பாடு. பிரஷின் முள் சும்மா இருக்காது. அமுக்கி மூடினால் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும். நாலு நாளில் ஏழு மாதிரி செய்து ஏழையும் கிழித்துப் போட்டாள். ஐந்தாம் நாள், கழுத்து வலியில், இதோடு விட்டுவிடலாம் என்று ஒற்றை அட்டையை இரண்டு இடத்தில் கீறி மடித்துப் பார்த்தாள். பிரஷை உள்ளே வைத்ததும் அதன் மரக்கட்டையே மடிப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தலைகீழாக உதறியும் திறக்கவில்லை. ஒரு பொட்டுப் பசை வேண்டாம்.

அரை நிமிஷம் சந்தோஷப்பட்டாள். பிறகு ஒட்டும் மேஜைப் பக்கம் கண் போனது. அங்கே அவளுடைய கூடப்பிறந்த அக்கா பசை தடவிக்கொண்டிருந்தாள்.

மற்ற வேலையெல்லாம் மெஷினுக்குப் போயாகிவிட்டது. “பிரஷ் ஆர்டர்ல ஒட்டுற வேலை இருந்தா அந்த மேஜை இருக்கும், இல்லேன்னா மாசக் கடைசியோட எடுத்துடலாம்” என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். மேஜை என்றால் அக்காதான். இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் மாமாவுக்கும் சேர்த்து அந்தச் சம்பளம்தான்.

ஆகவே நல்ல பெட்டியைத் தன் மேஜை இழுப்பறையின் அடியில் செருகிவிட்டு, நாலு பக்கமும் ஒட்டுகிற பெட்டி ஒன்றைச் செய்தாள். அதைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. அலுப்பில் அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பிரஷ்காரர் வந்தார். பெட்டியை மூடினார், மூடி எழும்பியது. மறுபடி மூடினார்.

“என்னம்மா இது, மூடி நிக்கவே மாட்டேங்குது?”

“பசை இன்னும் கொஞ்சம் கூட்டினா நின்னுடும் சார்” என்றாள். முதலாளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் வாயிலிருந்து இப்படிப் பூசி மெழுகுகிற பேச்சு வந்து அவர் கேட்டதில்லை.

அப்போது அக்கா எழுந்து வந்தாள். கையில் இழுப்பறையில் ஒளித்து வைத்த அந்தப் பெட்டி. யாரையும் கேட்காமல் பிரஷை எடுத்து உள்ளே வைத்து மடித்து, பிரஷ்காரர் கையில் கொடுத்தாள்.

“இதுதான் சார் என் தங்கச்சி செஞ்சது. உதறிப் பாருங்க.”

அவர் உதறினார். இன்னும் பலமாக உதறினார். சிரித்தார். “இதை வச்சுக்கிட்டா அதைக் காட்டினீங்க?” என்று முதலாளியோடு கைகுலுக்கினார். ஆர்டர் உறுதியானது.

பின்கட்டுக் குழாயடியில் அவள் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே! அதுல பசையே கிடையாதுன்னு உனக்குத் தெரியலையா?”

“பதினாலு வருஷமா ஒட்டுறேன். எனக்கா தெரியாது? உன் இழுப்பறையில கத்தரி தேடறப்ப சனிக்கிழமையே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன்க்கா?”

“நீ அந்த மட்டமான பெட்டியைச் செஞ்சது எனக்காகத்தானே? அதைத் தினமும் ஆயிரம் எடுத்து நான் ஒட்டணுமா? ஒவ்வொண்ணும் என்னைப் பார்த்துக் கேக்காதா?”

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். அக்கா அழவில்லை. விரல் இடுக்கில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டிக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“போதும் அழுதது. சாயந்திரம் எங்கூட வீட்டுக்கு வா. உங்க மாமாகிட்டச் சொல்லணும். எனக்குத் தனியா சொல்ல பயமா இருக்கு.”