பியோ கியூமான் படுத்திருந்த கண்ணாடி

தேகு நகரின் கார் சாமான் தெருவில் ஃபிலிம் ஒட்டும் கடை வைத்திருந்த பியோ கியூமான், ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு, கணினித் திரையில் ஒரு வெள்ளைக் காருக்கான வெட்டுப் படத்துக்குள் படுத்துக்கொண்டார். அன்றைய கழிவு பூஜ்ஜியம்.

அந்த ஊரில் புதுக் கார் வாங்குகிறவர்கள் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் முதலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத்தான் வருவார்கள். ஒன்றரை மீட்டர் அகலச் சுருளில் ஒரு காரின் கண்ணாடிகள் அத்தனையையும் கணினித் திரையில் நெருக்கி அடுக்கி, பிறகு இயந்திரத்தை வெட்டச் சொல்ல வேண்டும். மற்ற கடைகளில் சுருளில் ஐந்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போனது. கியூமான் பின்கதவு வளைவுக்குள் முக்கோணக் கண்ணாடியைத் தலைகீழாகச் செருகுவார். முன்கதவைச் சற்றே சாய்த்து இன்னொன்றுக்கு இடம் பண்ணுவார். இருபது ஆண்டுகளில் கழிவை நூற்றுக்கு மூன்றாக்கியிருந்தார். அந்த மூன்றும் அவரை உறங்கவிடவில்லை. உறங்கினாலும் மனைவி மா ஓக்ஜுவின் முழங்கால் மடிப்பில் தன் முழங்காலைச் சரியாகப் பொருத்திக்கொண்டுதான் உறங்குவார்.

அன்று ஓக்ஜு வெளியே வெள்ளைக் காரின் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சற்று நேரமாக இயந்திரத்தின் சத்தமே இல்லையே என்று உள்ளே வந்தாள். நாற்காலிக்கடியில் செருப்பு இருந்தது. காகிதக் கோப்பையில் காப்பி ஆறவில்லை. திரையில் பின்கண்ணாடிக்கும் இடது முன்கதவுக்கும் நடுவே எந்தக் காருக்கும் சேராத துண்டு ஒன்று இருந்தது. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த ஆளின் வடிவம். இண்டு இடுக்கு மிச்சமில்லை.

கியூமானின் தம்பி சோங்தாக் வந்து பார்த்தான். பக்கத்துத் தெருவில் அவனும் ஃபிலிம் ஒட்டுகிறவன்.

"அண்ணி, இது எந்த வண்டிக் கண்ணாடி?"

"உங்க அண்ணன்தான் தம்பி."

அவன் திரைக்குக் கிட்டே போனான். "மூக்கு அவரோடதுதான். வயித்தக் கொஞ்சம் உள்ள இழுத்திருக்காரு."

"பின்ன? இடம் மிச்சமாகணுமே!"

போலீஸ்காரர் காணாமல் போனவர் என்றே எழுதிக்கொண்டார். எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று கேட்டதற்கு ஓக்ஜு, "போகலயே, உள்ளதான இருக்காரு" என்றாள். அவர் திரையைப் பார்த்தார், ஓக்ஜுவைப் பார்த்தார், எழுதியதை அடித்தார், மறுபடி அதையே எழுதினார்.

அதன் பிறகு ஓக்ஜுவுக்கு எதுவும் விளங்கவில்லை. தான் மனைவியா, விதவையா என்று தெரியாமல், படிவங்களில் அந்த இடத்தைக் காலியாக விட்டாள். அந்த வெட்டுப் படத்தை மட்டும் தொடாமல் மற்ற கார்களுக்கு வெட்டினாள். ஆகஸ்ட் புழுக்கத்தில் ஒருநாள் காலை திறந்து பார்த்தபோது துண்டு மறுபக்கம் புரண்டு படுத்திருந்தது. உயிரோடிருப்பவர்தானே புரள்வார் என்றாள் கார் கழுவுகிறவள். சுடுகாட்டில் பிணமும்தான் புரளும் என்றான் டயர் கடைக்காரன்.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அந்த ஊரார் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் படையல் வைப்பார்கள். உயிரோடிருப்பவருக்குக் கரண்டியைச் சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். செத்தவருக்குச் சோற்றில் செங்குத்தாகக் குத்த வேண்டும். முதலாண்டு ஓக்ஜு குத்தினாள், பிடுங்கினாள், பக்கத்தில் வைத்தாள், மறுபடி குத்தினாள். சோறு குழியாகிப்போனது. நான்கு ஆண்டுகள் அப்படியே நடந்தது.

ஐந்தாம் ஆண்டு எண்பத்தாறு வயது மாமியார் படுக்கையில் விழுந்தாள். ஓக்ஜுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் அங்க போனா எம்புள்ள வாசல்ல நிப்பானா? இல்ல, இவன இங்க விட்டுட்டுப் போறேனா? தெரியாம எப்படிடி போவேன்?" என்றாள்.

"வெட்டிப் பாத்துடலாம் அண்ணி" என்றான் சோங்தாக்.

"கத்தி கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளதான ஓடும்? வலிச்சா?"

ஆனாலும் மறுநாள் காலை கடையைச் சாத்திவிட்டு அந்தப் படத்தைத் திறந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஃபிலிம் சூட்டில் ஒரு திசையில் மட்டுமே சுருங்கும். வளைந்த கண்ணாடிக்கான துண்டைச் சுருளில் குறுக்காகத் திருப்பினால் இடம் மிச்சமாகும், ஆனால் ஒட்டும்போது மடிப்பு விழுந்து உட்காராது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லாரும் ஒருமுறை செய்து திட்டு வாங்கும் தப்பு. இருபது ஆண்டு அனுபவக்காரர் மூன்று சதவீதத்துக்கு ஆசைப்பட்டுத் தன்னைக் குறுக்காகப் போட்டிருந்தார்.

"அடப் பாவி மனுஷா, ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீரே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். சுட்டியால் அவரைப் பிடித்து நேராகத் திருப்பினாள். மற்ற துண்டுகள் எல்லாம் விலகின. கழிவு முப்பத்தொன்று என்று திரை சிவப்பில் எச்சரித்தது. ஓக்ஜு 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தினாள்.

கத்தி ஏழு நிமிடம் ஓடியது. துண்டு கறுப்பாக, லேசாக, ஓர் ஆளின் அளவில் வந்தது. சோங்தாக்கும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கடைக்குச் சொந்தமான காரின் பின்கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் படியவைத்தார்கள். ஹீட் கன்னின் சூட்டுக் காற்றில் தோள் சுருங்கி வளைவுக்குப் பணிந்தது. ஒரு மடிப்பு விழவில்லை. மூக்கின் அருகே மட்டும் மிளகளவு குமிழி ஒன்று நின்றது. ரப்பர் தகட்டால் தள்ளப்போனவனின் கையை ஓக்ஜு பிடித்தாள்.

"இருக்கட்டும் தம்பி. மூச்சுன்னா அது நிக்கும். தண்ணின்னா காஞ்சிடும். மூணு நாள் பாப்போம்."

மூன்று நாளும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அரிசி உருண்டையை அங்கேயே சாப்பிட்டாள். இரண்டாம் நாள் மாலை குமிழி பெரிதானது போலிருந்தது. சின்னதானது போலவும் இருந்தது. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் பார்த்தபோது அந்த இடம் வழவழவென்று தெளிவாக இருந்தது. விரலால் தடவினாள். சூடான கண்ணாடி. வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போய் மாமியாரின் காதோரம் குனிந்து, "அங்கதான் இருக்காரு அத்தை, வாசல்ல நிப்பாரு" என்றாள். அந்த ஆண்டு படையலில் கரண்டி ஒரே குத்தில் நின்றது. வசந்தம் பிறக்கும்முன் கிழவி போய்ச் சேர்ந்தாள், அவசரமாக.

அடுத்த மாதம் வாகனப் பரிசோதனை வந்தது. பரிசோதகர் ஒளி அளக்கும் கருவியை முன்கண்ணாடியில் வைத்தார், கதவுகளில் வைத்தார், பின்னால் வந்து கியூமானின் மார்பில் வைத்தார். வெளிச்சம் நூற்றுக்குப் பதினைந்துதான் கடந்தது.

"யாரும்மா இது?"

"வீட்டுக்காரர்."

பரிசோதகர் கருவியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "பின்கண்ணாடிக்குச் சட்டத்துல அளவு கிடையாதும்மா. அவர் பாட்டுக்குப் படுத்திருக்கட்டும்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.