நனையாத ஜோவிலின்

பங்காசினான் மாகாணத்தில் இருந்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வழக்கம். முதன்முறை தனியாகப் பறந்து, மூன்று தடவை பத்திரமாகத் தரையிறங்கியவரைக் கூட்டாளிகள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நனைப்பார்கள். நனைந்தவர்தான் விமானி. சான்றிதழெல்லாம் அப்புறம்.

கூட்டாளிகள் எல்லோரும் நனைந்தாயிற்று. ஜோவிலின் மட்டும் கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தாள். பொறுத்துப் பார்த்த அம்மா நெனிங், பஸ் நிலையத்தில் ஐஸ் தண்ணீர்ப் பாக்கெட் விற்பவள், போனில் சொல்லிவிட்டாள்: "இந்த வாரமும் நனையலைன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வந்து கடையில உட்காருடி." சொன்னதோடு நிற்காமல் ஐஸ்பெட்டியோடு நேரிலேயே வந்துவிட்டாள். வந்த இடத்தில் வியாபாரமும் நடந்தது.

அன்று ஜோவிலின் தனியாகப் பறக்கும் முறை. கூட்டாளிகள் ஆர்வக்கோளாறில் பள்ளியின் தீயணைப்பு வண்டித் தண்ணீரை முழுக்க வாளிகளில் பிடித்து, பூவும் தூவி வைத்தார்கள். தீயா பிடிக்கப் போகிறது?

முதல் இறக்கம் சுத்தம். இரண்டாவது அதைவிடச் சுத்தம். பயிற்சியாளர் கேப்டன் ஆர்செனியோவே தலையாட்டினார். மூன்றாவதில் விமானம் தரையைத் தொட்டுத் துள்ளியது. ஜோவிலின் பதறிப்போய் அதன் மூக்கைக் கீழே அழுத்தினாள். முன்சக்கரம் முறிந்தது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, அறுத்த வயலில் மூக்குப் புதைய நின்றது. எஞ்சினிலிருந்து புகை.

தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது. குழாயைத் திறந்தார்கள். காற்று வந்தது.

"எந்தப் பாவிடா தண்ணியக் காலி பண்ணது?" என்று கத்தினார் ஆர்செனியோ.

பாவிகள் வாளிகளோடு ஓடினார்கள். எஞ்சின் பூவும் நீருமாய்க் குளித்தது. புகை அடங்கியது.

ஜோவிலின் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கினாள். நெனிங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கூட்டாளிகள் யாரும் ஜோவிலின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேப்டன், இவளுக்கு ஊத்தலாமா?" என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

"இதெல்லாம் இறக்கத்துல சேராதுப்பா."

ஜோவிலின் அம்மாவிடம் போனாள். "அம்மா, நான் ஊருக்கே வந்துடறேன்."

நெனிங் ஐஸ்பெட்டியைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, மூலையைப் பல்லால் கடித்து, மகள் தலையில் பீய்ச்சினாள்.

"ஏன் கேப்டனே, மெஷினுக்கு அத்தனை வாளி ஊத்துனீங்க. ஓட்டுனவளுக்கு ஒண்ணும் கிடையாதா? உள்ள தனியாத்தானே இருந்தா? நீங்களா கூட இருந்தீங்க?"

 நெனிங் அடுத்த பாக்கெட்டைக் கடித்தாள்.

"அம்மா, குளிருது."

"குளிரட்டும். ஊருக்கு வர்றேன்னு இன்னொரு தடவ சொல்லிப் பாரு, பெட்டியையே கவுத்துடறேன்."